ஜெரியின் கண்ணுக்குக் கொட்டை எழுத்தில்

கண்ணாடி போடாமல் இருக்கக் கண் ஆபரேஷன் செய்து இன்னும் மங்கலாகப் பார்க்கும் கணவனுக்காக, கிறிஸ்டினா மார்க்கரால் கொட்டை எழுத்தில் எழுதினாள்:

"ஜெரி மாமா, கருவாட்டுக் கடைக்குப் போறேன். கஞ்சி மூடி வெச்சிகீறேன். சொட்டு மருந்து ஃப்ரிட்ஜ் மேல கீது. கண்ணைக் கசக்காதே."

ரெண்டே நாளில் தெளியும் லாசிக் லேசர் ஆபரேஷனை விட்டு, வாரக்கணக்கில் ஆறும் இந்த வகை எதற்கு என்று ஆஸ்பத்திரியிலேயே அவள் சண்டை போட்டிருந்தாள். ஜெரியோ, "வலை இழுக்கசொல்ல கயிறு மூஞ்சில அடிச்சா, லாசிக்ல கண்ணு மேல வெட்டி மூடுன தோலு நவுந்துடுமாம். இதுல வெட்டே இல்ல. மெதுவா ஆறட்டும், மீன்பிடித் தடைக்காலம்தானே!" என்றான்.

காகிதத்தின் அடியில், எறும்பு போன்ற சின்ன எழுத்தில் இன்னொன்றும் எழுதினாள்:

"இது தெரியுதா மாமா? அப்போ நீ சொன்னதுதான் கரீட்டு. உன் மூளை எனக்கு வராது. பெரிசா எழுதினா இன்னிக்கே படிச்சிட்டுத் தலைகால் புரியாம ஆடுவே."