காற்றை மிஞ்சிய சத்தம்

மார்ச் 4, செவ்வாய்

மகள் படிக்கும் பள்ளியிலேயே இன்று மண் சோதனை. பழைய வகுப்பறைகளை இடித்துவிட்டு நாலு மாடி எழுப்பப் போகிறார்கள். நிலநடுக்கம் வந்தால் அந்த மண் எவ்வளவு ஆடும் என்று சொல்வது என் வேலை. மைதானத்தில் நில அதிர்வைப் பதியும் ஜியோபோன்கள் இருபத்து நாலை வரிசையாகக் குத்தி, ஓரத்தில் இரும்புத் தகட்டைச் சம்மட்டியால் அடித்தால் அதிர்வு ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு ஓடும். அதை வைத்து, பூமிக்கடியில் மண்ணைப் பக்கவாட்டில் ஆட்டும் குறுக்கு அலை என்ன வேகத்தில் போகிறது என்று கணக்கிடலாம். வேகம் என்றால் கெட்டி மண். மெதுவென்றால் இளகல், ஆட்டம் அதிகம்.

சம்மட்டிக்காரர் எங்கள் பயில்வான். வயது ஐம்பத்தெட்டு. தகட்டை அடிப்பதைவிட என்னை அடிப்பது அதிகம், வாயால். "சார், சுவரு வந்துடுச்சு, இடம் பத்தல. ரெண்டு மீட்டருக்கு ஒண்ணு முடியாது, ஒரு மீட்டருக்கு ஒண்ணா வைக்கிறேன்" என்றார். அப்போது பார்த்து ஐந்தாம் வகுப்பு மொத்தமும் வரிசைக்குப் பக்கத்தில் வந்து குதித்தது. அதிர்வு பதிவாகும்போது குதித்தால்? நான் கத்தினேன். என் மகள் என்னைத் தெரியாதவள் போல நின்றாள்.

மார்ச் 6, வியாழன்

கணக்கு முடிந்தது. வினாடிக்கு 382 மீட்டர். கெட்டியோ கெட்டி!

அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியவர் எங்கள் நிறுவனத் தலைவி. என் மனைவியின் தங்கை. வீட்டில் 'வா, போ'. ஆபீசில் 'மேடம்'. நாக்குக்கு இருக்கும் கஷ்டம் எனக்குத்தான் தெரியும். மேடம் கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 10, திங்கள்

தலைமையாசிரியை காலை வணக்கத்தில் பள்ளியின் மண் பாறை மாதிரி என்று அறிவித்தாராம். ஐந்தாவது மாடியும் உண்டாம். மகள் இன்று வகுப்பில் ராணி. வீட்டுக்கு வந்ததும் என் காபியை அவளே கொண்டு வந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன், கூச்சமே இல்லாமல்.

மார்ச் 12, புதன்

அட பாவி.

அறிக்கைக்குப் பிறகு அனுப்பவேண்டிய பின்னிணைப்புக்கு அழகான பதிவு ஒன்றைத் தேடினேன். சம்மட்டிச் சத்தம் காற்று வழியாகவும் வந்து ஜியோபோனில் விழும். மெல்லிய கோடாகத் தெரியும். சும்மா அதன் வேகத்தைப் போட்டுப் பார்த்தேன். 680.

காற்றில் சத்தம் 340-தான் போகும். உலகம் முழுக்க. அந்த மைதானத்தில் மட்டும் இரண்டு மடங்கு அவசரமா?

இந்த நோட்டை நானே புரட்டினேன். ஒரு மீட்டர் என்று என் கையெழுத்தே சொல்கிறது. கணினியில், இதற்கு முன் சோதித்த இடத்துக்குப் போட்ட இரண்டு மீட்டர் இடைவெளி அப்படியே இருக்கிறது. தூரம் இரட்டிப்பானால் வேகமும் இரட்டிப்பு. அப்படியென்றால் மண் 191. பாறையாவது கீறையாவது. சேறு.

மார்ச் 13, வியாழன்

சொல்லவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது? நிலநடுக்கம் நாளைக்கேவா வரும்? — இப்படி யோசித்தவன் நான்தான், எழுதி வைக்கிறேன். அந்த மாடிகளில் ஒன்றில் என் பெண் உட்காருவாள். அவளோடு குதித்த அத்தனை பேரும்.

பயில்வான் மேல் பழி போடலாமா என்றும் பார்த்தேன். கேட்டேன். "நான் சொன்னேனே சார். நீங்கதான் புள்ளைங்கள விரட்டிக்கிட்டே 'சரி சரி'ன்னீங்க." சாட்சி வேறு வேண்டுமா.

மார்ச் 14, வெள்ளி

"மேடம்" என்று ஆரம்பித்து, பாதியில் "ஏய், ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேம்மா" என்று முடித்தேன். மைத்துனி பதிவை வாங்கிப் பார்த்தாள். அந்த மெல்லிய கோட்டில் விரலை வைத்தாள்.

"அத்தான், அந்தக் கோடு என் கண் முன்னாடியும்தான் இருந்துச்சு. நானும் பார்க்காமத்தானே கையெழுத்துப் போட்டேன்."

திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 17, திங்கள்

நேற்று ஞாயிறு, பள்ளி காலி. மூலைக்கு மூலை நீள வரிசை போட்டு மறுபடி அடித்தோம். டேப்பை நானே பிடித்தேன். 188.

இன்று தலைமையாசிரியை அறை. கை கட்டித்தான் நின்றேன், யாரும் சொல்லாமலே.

"அப்ப அஞ்சாவது மாடி?"

"நாலாவதையே யோசிக்கணும் மேடம்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "குழி தோண்டுறதுக்கு முன்னாடி வந்தீங்களே" என்றார். பாராட்டா, வசவா? இன்னும் தெரியவில்லை.

மகள் விஷயம் கேட்டு அழுதாள். "நாளைக்கு நான் எப்படிப்பா ஸ்கூலுக்குப் போவேன்?"

மார்ச் 18, செவ்வாய்

பேசவில்லை.

மார்ச் 19, புதன்

உப்பைக் கேட்டாள். அவள் அம்மாவிடம்.

ஜூன் 20, வெள்ளி

மூன்று மாடிதான். அடியில் ஆழமான தூண்கள். துளை போடும் இயந்திரம் மைதானத்தைப் பிடித்துக்கொண்டதால் பிள்ளைகளுக்கு விளையாட்டு கிடையாது. என்னால்தான்.

சாயங்காலம் குளிக்க வாளியில் குழாயைத் திறந்துவிட்டுத் துண்டெடுக்கப் போனேன். அறைக்குள்ளே மகள் தோழியோடு போனில்: "ஆமா, தப்பா சொன்னது எங்கப்பாதான். ஆனா அதை வேற யாருமே கண்டுபிடிக்கல தெரியுமா? அவரே கண்டுபிடிச்சு, அவரே போய் மாட்டிக்கிட்டாரு. உங்கப்பா மாட்டிப்பாரா?"

துண்டும் கையுமாகக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். தண்ணீர் வாளியில் நிறைந்து வழிகிறது என்று மனைவி வந்து சத்தம் போட்ட பிறகுதான் போனேன்.