பேச்சியம்மாள் கத்தவில்லை

30-7-1974, செவ்வாய்.

கூலிக்காரர் குடியிருப்பில் மூன்றாம் லைனில் இருக்கும் பேச்சியம்மாள் காலையில் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இரண்டாவது பிரசவம். "லேசா வலிக்குது நர்சம்மா" என்றாள். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பதினாறு வருஷமாகப் பிரசவம் பார்க்கிற திமிர். நிஜ வலி என்றால் கத்துவாள் என்று நினைத்து, 'வலி இல்லை' என்று பதிவேட்டில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன்.

போகிற வழியிலேயே, மழையில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே பெற்றுவிட்டாள். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் குழந்தையைக் கம்பளியில் சுற்றி, அவளையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குழந்தை நீலம் பாய்ந்து கிடந்தது. அதை அழவைப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

டாக்டர் சிரித்தார். "லைன்காரிகளுக்கு வேதனையே இல்ல, சிஸ்டரே." இதை நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்!

மரத்துப்போகிற ஊசி தீர்ந்து ஒரு வாரமாகிறது. சும்மாவே தையல் போட்டேன். அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏண்டி, காலையிலேயே கத்தித் தொலைச்சிருந்தா என்ன?"

"நீங்கதானம்மா போன தடவ தொடையில ரெண்டு அடி போட்டு, கத்துனா இப்பிடியே விட்டுட்டுப் போயிருவேன்னீங்க."

குறையாகச் சொல்லவில்லை. நான் சொன்னபடி நடந்துகொண்டதாகத்தான் சொன்னாள்.

அடுத்த மாதம் இன்னும் மூன்று பேருக்குப் பிரசவ நாள் இருக்கிறது. மூன்று பேருக்கும் முதல் பிரசவம் நான்தான் பார்த்தேன்.