மணி அடித்துச் சொன்ன சேதி

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் சௌக்கியம். நீயும் உன் முழங்காலும் சண்டையில்லாமல் இருக்கிறீர்களா? போனில் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் மெயிலில் எழுதுகிறேன்.

உருகிய உப்பு ஓடும் புதுவகை அணு உலைக்கு, அந்த உப்பு அரிக்காத குழாய் தேடுகிறோம் அல்லவா? நேற்றுக் காலை ஆய்வுக்கூடத்துக்குள் நுழையும்போதே கதிர்வீச்சு மணி என்னைப் பார்த்து அலறியது.

“வெளிய போறப்பதான் அடிக்கும். வீட்டுல தனியா உலை வச்சிருக்கீங்களா சார்?” என்றார் காவலாளி. வரிசையே சிரித்தது, நானும் சிரித்துவைத்தேன்.

பாதுகாப்பு அதிகாரியம்மா தனியே அழைத்து, “ஆஸ்பத்திரில ஊசி போட்டாங்களா?” என்றார். முந்தின நாள் இதயத்தைப் படமெடுக்கக் கதிரியக்க மருந்து ஏற்றியிருந்தார்கள். சொன்னால் குழாய்ச் சோதனையிலிருந்து விலக்குவார்களே என்று ஆய்வுக்கூடத்தில் மறைத்திருந்தேன். இப்போது விலக்கியும்விட்டார்கள். ஊருக்கெல்லாம் தெரிந்தபின் உனக்குச் சொல்கிறேன், திட்டாதே. மருந்து ஓரிரு நாளில் அடங்கிவிடுமாம்.

அலமாரியில் என் பழைய ஈசிஜி தாள் இருக்கும், படமெடுத்து அனுப்பு. அப்படியே நம் சமையலறையையும் ஒரு படம் எடு, சும்மாதான்.

வியாழன் பதினொரு மணிக்கு முடிவு சொல்வார்கள். “கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க” என்றார் டாக்டர். போனைக் கையிலேயே வைத்திரு; உன்னைத்தான் கூட்டிப்போகிறேன்.

பஸ் வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்