நான் ஊதிய விசில்

தருமபுரி
3-2-1971

அன்பு மகன் அன்வர் பாஷாவுக்கு அத்தா நூர் பாஷா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் உன் அம்மாவும் தங்கை ஷகிலாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் பிலாயில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் நாலு வரி வந்தால்தான் உன் அம்மா அடங்குவாள். தபால்காரர் தெருமுனையில் திரும்பும் முன்பே போய் வழிமறித்து நிற்கிறாள், அந்த மனுஷன் இப்போதெல்லாம் இவளுக்குப் பயந்து பின்சந்து வழியாகப் போகிறார். அவளுக்கு முழங்கால் வலி விட்டுவிட்டு வருகிறது, பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் வேப்பெண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாள், தேய்த்துக்கொண்டு வீடெல்லாம் நாற அடிக்கிறாள். அங்கே குளிர் அதிகம் என்று எழுதியிருந்தாய், இரும்பாலையில் அனலில் நின்றுவிட்டு வேர்வையோடு வெளியே வராதே, காதைச் சுற்றித் துணி கட்டிக்கொள். பக்ரீத் வருகிறது, தொழுகைக்குப் போகும்போது புதுச் சட்டை ஒன்றாவது போட்டுக்கொள். இத்தனையும் எழுதுகிறேனே தவிர எழுத வேண்டியதை விட்டுச் சுற்றிச் சுற்றி வருகிறேன். எப்படியும் சொல்லித்தான் ஆக வேண்டும், உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

நல்லம்பள்ளியில் பொங்கலுக்கு நடக்கும் சடுகுடு போட்டியின் பைனலுக்குப் பன்னிரண்டு வருஷமாக நான்தான் ரெப்ரி. பைனலுக்கு வரும் இரண்டு ஊரிலும் பெண் கொடுத்தவனோ எடுத்தவனோ பங்காளியோ விசில் பிடிக்கக் கூடாது என்று அங்கே ஒரு கட்டுப்பாடு இருப்பது உனக்குத் தெரியும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் மாமன் மச்சான் ஆகாத ஆளைத் தேடினால் கடைசியில் தகரப்பெட்டி அடிக்கிற இந்தப் பாயிடம்தான் வந்து நிற்பார்கள். இந்த வருஷம் பைனலுக்கு வந்தது பாப்பாரப்பட்டியும் அதியமான்கோட்டையும். பாப்பாரப்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் உசேனுக்கு ஷகிலாவைப் பேசியிருப்பதைப் போன கடிதத்தில் எழுதியிருந்தேனே, அந்த உசேன்தான் அந்த அணிக்கு முதல் ஆட்டக்காரன். தேதி குறிக்க மட்டும்தான் பாக்கி. அதனால் நான் போட்டிக் கமிட்டித் தலைவர் மாரப்பனிடம் நேரில் போய், சம்பந்தம் பேசிவிட்டேன், இந்த வருஷம் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டு, நிக்கா இன்னும் ஆவலைங்களே பாய், நீங்க வரலைன்னா பைனலே இல்லைங்க என்றார். இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு அவர்கள் எதிரிலேயே கேட்டார். அதியமான்கோட்டைக் கேப்டன் தர்மன், எதிரணிக்காரன், அவனே சொன்னான், பாய் பெத்த மவனே பாடப் போனாலும் அவுட்டுன்னா அவுட்டுதாங்க, எங்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லைங்க என்று. அந்தப் பேச்சில் மயங்கிவிட்டேன் அன்வர், அதுதான் உண்மை. சம்பந்தத்தைச் சொன்ன நான் இன்னொன்றைச் சொல்லவில்லை.

போன ரம்ஜானிலிருந்தே எனக்கு இடது காது சரியாக இல்லை. முப்பது வருஷம் தகரம் தட்டிய காது, அழுக்கு அடைத்திருக்கும் என்று எண்ணெய் விட்டேன், பஞ்சு வைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை. உன் அம்மா கூப்பிட்டு நான் திரும்பாவிட்டால் திமிர் என்று நினைத்துக்கொள்வாள், அது எனக்கும் வசதியாகப் போயிற்று. ஆட்டத்தில் கோட்டையும் காலையும் பார்க்க ஓரத்தில் ஆட்கள் உண்டு, மூச்சு விடாமல் சடுகுடு என்று பாடப் போனவனின் பாட்டு நடுவில் அறுந்ததா இல்லையா என்பதை மட்டும் ரெப்ரியின் காதுதான் சொல்ல வேண்டும். நான் எப்போதும் ஆட்டக்காரன் வலது பக்கம் இருக்கிற மாதிரி நகர்ந்து நகர்ந்து சமாளித்து வந்தேன். ரம்ஜானுக்கு அப்புறம் வேறு ஊர்களில் விசில் பிடித்த ஆட்டங்களில் ஒரு தப்பும் வரவில்லை. வராது என்று நானும் நம்பிக்கொண்டேன்.

பைனல் ஜனவரி 24 ஞாயிற்றுக்கிழமை. கடைசிப் பாட்டுக்கு இரண்டு பக்கமும் சம பாயிண்ட். உசேன் பாடப் போனான். அதியமான்கோட்டையார் மூன்று பேர் அவன் மேல் விழுந்து ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள், அது என் இடது பக்கம். நான் சுற்றி வருவதற்குள் மண்ணோடு மண்ணாக எல்லாரும் கிடக்கிறார்கள், ஜனம் ஒரே கூச்சல், இவன் மூன்று பேரையும் முதுகில் சுமந்தபடி ஊர்ந்து நடுக்கோட்டுக்கு அப்பால் கை வைக்கிறான். எனக்கு அவன் குரல் கேட்கவில்லை. பாட்டு அறுந்துவிட்டது என்று விசில் ஊதி அவுட் கொடுத்துவிட்டேன். அதியமான்கோட்டைக்கு ஒரு பாயிண்ட், ஷீல்டும் அவர்களுக்கே. பாப்பாரப்பட்டி ஆட்கள் கத்திக்கொண்டு வந்தார்கள், உசேன்தான் கையை நீட்டித் தடுத்து, பாய் சொல்லிட்டாருங்க, விடுங்க என்று கூட்டிக்கொண்டு போனான். தர்மன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினான். மருமகனுக்கே அவுட் கொடுத்த மனுஷன் என்று மாரப்பன் மைக்கில் சொல்லி எனக்குத் துண்டு போர்த்தினார். அன்று நான் சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை கடையில் பெட்டிக்குக் கீல் வைத்துக்கொண்டிருந்தேன். ஷகிலா இடது பக்கம் வந்து டீயை வைத்துவிட்டு நின்றிருக்கிறாள், மூன்று தரம் கூப்பிட்டாளாம். கண்ணில் பட்ட பிறகுதான் எனக்கு ஆள் இருப்பதே தெரிந்தது. ஒரு முழ தூரத்தில் நின்ற என் பெண்ணின் குரல் கேட்காத காது, பத்தடி தூரத்தில் மண்ணில் கவிழ்ந்து கிடந்தவன் பாட்டை எப்படிக் கேட்டிருக்கும். கீலை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். பெரியாஸ்பத்திரிக்குப் போனேன், டாக்டர் ஒரு கம்பியைத் தட்டி இரண்டு காதிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, இடது காது போய்விட்டது, திரும்பாது, வலது காதையாவது பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வெள்ளிக்கிழமை தேதி குறிக்க உசேன் வீட்டிலிருந்து வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை, ஆள் அனுப்பவும் இல்லை. உன் அம்மா பிரியாணிக்கு எடுத்து வைத்த அரிசியைத் திரும்பப் பானையில் கொட்டிவிட்டு மூலையில் உட்கார்ந்தாள். பாப்பாரப்பட்டிச் சந்தையில் உசேனைப் பார்க்கிறவனெல்லாம், பம்பு வெச்சிருக்கிறவனுக்கே காத்து பத்தலையா என்று கிண்டல் பண்ணுகிறார்களாம். பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள்கூட அதைச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்களாம்.

நேற்று பொறுக்க முடியாமல் பஸ் ஏறி அவன் கடைக்கே போய்விட்டேன். என்னைக் கண்டதும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். வலது காதை அவன் பக்கம் வைத்து உட்கார்ந்துகொண்டு, உண்மையைச் சொல்லுங்கள் தம்பி, அன்றைக்குப் பாட்டு அறுந்ததா என்று கேட்டேன். டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டையைத் தேடினான். பிறகு சொன்னான், கோட்டுக்கு அந்தாண்ட கை வெச்சப்பறமும் பாடிக்கிட்டுதான் இருந்தேன்னு நெனச்சேங்க மாமா, நீங்க விசில் ஊதினதும் எனக்கே சந்தேகம் வந்துருச்சு, நீங்க தப்பா ஊத மாட்டீங்களே, நான்தான் மூச்சு விட்டிருப்பேன், எனக்குத்தான் தெரியலை என்று. அவன் அப்பாவிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறான், உன்னால் ஊருக்கே தலைகுனிவு, எந்த முகத்தோடு அவர்கள் வீட்டுக்குத் தேதி குறிக்கப் போவது என்று அவர் இவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டாராம். நாம் இங்கே அவர்கள் கோபித்துக்கொண்டார்கள் என்று பயந்துகொண்டிருக்கிறோம், அவர்கள் அங்கே நம்மிடம் வரக் கூசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும் அன்வர், எனக்குக் காது கேட்காது, தப்பு என்னுடையது என்று. அவன் வாங்கிக் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு வந்துவிட்டேன். தன் மூச்சையே நம்பாமல் என் காதை நம்புகிற பையனிடம் சொல்லாமல் வந்த பாவி நான்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடமும் ஷகிலாவிடமும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். இப்போது வாயைத் திறக்க வேண்டாம், கல்யாணம் முடியட்டும், அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்கிறாள். அவள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. இப்போது போய் மாற்றிச் சொன்னால் அதியமான்கோட்டை முழுக்க, பாய் மருமவனுக்காகப் பேச்சை மாத்திட்டாரு என்றுதான் சொல்லும், காதுக் கதையை யார் நம்புவார்கள். என்னை நம்பி எல்லார் எதிரிலும் ஜாமீன் நின்ற மாரப்பன் முகத்தில் கரி பூசியதாகும். பாப்பாரப்பட்டியாரோ, மறைத்து வைத்து விசில் பிடித்தவன் வீட்டில் பெண் எதற்கு என்று கையை உதறிவிடலாம். பன்னிரண்டு வருஷப் பேர் போவதுகூடப் பெரிதில்லை, பெண் காரியம் நிற்குமே என்றுதான் பயம். ஷகிலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்து, போய்ச் சொல்லிடுங்க அத்தா, அவங்க வேணாம்னா வேணாம்னு சொல்லிட்டுப் போகட்டும், தப்புப் பண்ணாதவரு தலை குனிஞ்சுக்கிட்டு இருக்கற வூட்டுல நான் போய் எப்படிச் சோறாக்குவேன் என்றாள். உன் அம்மா எழுந்து போய் மிச்சப் பாத்திரத்தைக் கழுவினாள்.

நாளைக்கு நல்லம்பள்ளி போகிறேன். இரண்டு கேப்டன்களையும் உசேனையும் அவன் தகப்பனாரையும் வரவழைக்கச் சொல்லி மாரப்பனுக்கு ஆள் அனுப்பிவிட்டேன், எதற்கு என்று சொல்லவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டையும் விசிலையும் எடுத்து வைத்திருக்கிறேன், அங்கே வைத்துவிட்டு வந்துவிடுவேன். இது உன் கைக்குக் கிடைக்கும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும், அதனால் உடனே தந்தி கிந்தி அடித்துச் செலவு வைக்காதே, லீவு போட்டு ஓடி வராதே.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் கை நிறைய வேலையும் கலங்காத மனசும் தரட்டும். அம்மா உனக்கு சலாம் சொல்லச் சொல்கிறாள், ஆட்டுக்கால் சூப்பு வைத்துக் குடிக்கச் சொல்கிறாள். ஷகிலாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, அதில் கல்யாணப் பேச்சு வேண்டாம். உன்னோடு வேலை பார்க்கிற அதியமான்கோட்டைப் பையனுக்கும் ஊரிலிருந்து கடிதம் வரும். உன் அத்தா பேச்சை மாற்றிவிட்டாராமே என்று அவன் கேட்டால் சண்டைக்குப் போகாதே. ஆமாம், எங்கள் அத்தாதான் மாற்றிச் சொன்னார் என்று சொல்.

இப்படிக்கு
உன் அத்தா
சை. நூர் பாஷா