நீங்கள் குடிக்காத தேத்தண்ணி

“பிள்ள சரியாச் செல்லிட்டா என்ன செய்வீங்க டீச்சர்?”

பேராதனையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில், நெரிசலில் நின்றபடி, ‘சொல்’லை ‘செல்’ என்னும் உங்கள் ஊர்ப் பேச்சில் நீங்கள் என்னிடம் கேட்ட கேள்வி. நேற்று அலவத்துகொடையில் உங்கள் வீட்டு முன்னறையில் அது மீண்டும் என் காதில் விழுந்தது. நீங்கள் போய்விட்ட செய்தி கேட்டு, ஆறுதல் சொல்லத்தான் போயிருந்தேன். “வெயில்ல வந்திருக்கீங்க ஆன்ட்டி, முதல்ல இதக் குடிங்க” என்று உங்கள் மகள் ஐஸ் போட்ட சர்பத்தைக் கையில் தந்தாள். தம்ளரின் வெளிப்பக்கம் வியர்த்து, துளிகள் என் விரல் வழியாக இறங்கின. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல நினைத்துப் போன வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. உங்களிடம் பேச எனக்கு இனி எழுத்து மட்டும்தான் இருக்கிறது. எழுதுகிறேன்.

கடைசிவரை நாம் ஒருவரையொருவர் டீச்சர் என்றே கூப்பிட்டோம். அதைத் தொடங்கி வைத்தது நீங்கள். இருவருக்கும் பட்டம் இருந்தது, நியமனமும் இருந்தது. ஆனால் கல்வி டிப்ளோமாவை முடிக்கும்வரை மேல் வகுப்புகளை நம்பித் தர மாட்டார்கள். “இப்ப நாங்க பாதி டீச்சர். மத்தவங்க செல்ல முந்தி நாங்களே செல்லிப் பழகுவம்” என்று பேராதனை வளாகத்து விரிவுரை மண்டபத்துப் படியில் உட்கார்ந்து சிரித்தீர்கள்.

எனக்கு அந்தச் சிரிப்பு அவ்வளவாக வராது. காரணம் உங்களுக்குத் தெரியும். எழுத்துப் பரீட்சைகளில் தேறிவிட்டேன். கடைசியாகப் பரீட்சகர் முன்னால் நடத்திக் காட்ட வேண்டிய பாடத்தில் ஒரு தடவை தோற்றிருந்தேன். மணி அடித்தபோது என் பாடம் பாதியில் நின்றது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்புத் தந்தார்கள். அதிலும் தவறினால் டிப்ளோமா இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் சாதாரண தரப் பரீட்சை வகுப்பின் விஞ்ஞானத்துக்கு ஆளே கிடையாது. அந்தப் பிள்ளைகள் விஞ்ஞானப் புத்தகத்தைத் தாங்களே வாசித்துப் பரீட்சைக்குப் போனார்கள். டிப்ளோமாவோடு திரும்பினால் அந்த வகுப்பு எனக்கு. இல்லாவிட்டால் அவர்களுக்கு முன்போலவே யாரும் இல்லை.

அதனால்தான் இந்தத் தடவை ஒவ்வொரு நிமிடத்தையும் திட்டத்தில் அடைத்தேன். பஸ்ஸில் உங்களுக்கு அதை ஒப்பித்தேன், நினைவிருக்கிறதா? பாடம், நீராவி ஒடுங்குதல். “ஐஸ் தண்ணித் தம்ளரைக் காட்டுவேன். வெளியில தண்ணி எப்படி வந்துச்சுன்னு கேட்பேன். உள்ளேயிருந்து கசிஞ்சிருச்சுன்னு சொல்லுவாங்க. அங்கேயிருந்து மெதுவா இழுத்துக்கிட்டுப் போயிடுவேன்.” அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள்.

“எட்டாம் வகுப்புப் பிள்ளைங்க. அப்படியெல்லாம் உடனே சொல்ல மாட்டாங்க” என்றேன்.

“செல்லிட்டா?”

“டீச்சர், எனக்கு இருக்கிற பயம் போதும். நீங்க வேற.”

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கினோம்.

நம் இருவரையும் பயிற்சிக்கு அனுப்பியிருந்த பாடசாலையில் அன்று மழைக்கால இருட்டு. பரீட்சைப் பாடம் எனக்கு அன்று, உங்களுக்கு மறுநாள். ஒருவர் பாடம் நடத்தும்போது மற்றவர் பின்வரிசையில் பரீட்சகருக்குப் பக்கத்தில் இருந்து அவதானிக்க வேண்டும். பேசக் கூடாது, குறுக்கிடக் கூடாது. பரீட்சகர் யாழ்ப்பாணத்துக்காரர். சிரிப்பதற்கும் முறைப்பதற்கும் ஒரே முகத்தை வைத்திருந்தார். அந்தப் பாடசாலையில் வெளியாட்கள் யார் வந்து உட்கார்ந்தாலும் தேத்தண்ணி வரும். பரீட்சை என்றாலும் வரும். உங்கள் இருவருக்கும் பீங்கான் கோப்பையில் பால் சேர்க்காத சாயத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்கள். அவர் குடித்தார். உங்கள் கோப்பை அப்படியே இருந்தது.

நான் தம்ளரைத் தூக்கிக் காட்டினேன். “வெளிப்பக்கத்துல என்ன தெரியுது?”

“தண்ணி டீச்சர்!”

“அது எங்கேயிருந்து...”

“வளியில் உள்ள நீராவி குளிர்ந்து ஒடுங்கியதால் டீச்சர்!”

ஒரு பிள்ளை இல்லை, முழு வகுப்பும். ஒரே குரல், ஒரே இராகம். அவசரமாக அடுத்த உதாரணத்துக்குத் தாவினேன். மழை நேரத்தில் பஸ் கண்ணாடி ஏன் மங்குகிறது? “ஒடுங்கல் டீச்சர்!” சோற்றுப் பானை மூடியின் உட்பக்கம்? “ஒடுங்கல் டீச்சர்!” முழுப் பாடத்துக்கும் வைத்திருந்த உதாரணங்கள் நாலு மூச்சில் தீர்ந்தன. பாடவேளையில் பெரும்பகுதி அப்படியே மிச்சம் இருந்தது. போன தடவை நேரம் போதவில்லை. இந்தத் தடவை அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. பரீட்சகரின் பேனா நின்றது, பிறகு வேகமாக எழுதத் தொடங்கியது.

உங்களைப் பார்த்தேன். நீங்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் உங்கள்மேல் எனக்குக் கோபம். பஸ்ஸில் வாயை வைத்தது இவர்தானே என்று தோன்றியது. அந்தக் கோபத்தில்தான் வார்த்தை வந்தது.

“நான் நம்பல” என்றேன். “தண்ணி உள்ளேயிருந்து கசிஞ்சுதான் வருது. நான் சொல்றது பிழைன்னு காட்டுங்க பார்ப்போம்.”

வகுப்பு அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு என்ன என்று எனக்கும் தெரியாது. முன்வரிசைப் பையன் ஒருவன் பரிதாபமாக, “நேத்து சேர் ஒடுங்கல்னுதானே சொல்லித் தந்தாரு டீச்சர்...” என்று தொடங்கினான். பக்கத்தில் இருந்தவன் அவன் தொடையில் கிள்ளியதை எல்லோரும் பார்த்தோம். பரீட்சகர் தலை நிமிர்ந்தார். அந்த வகுப்புக்கு வழக்கமாக விஞ்ஞானம் எடுக்கும் வகுப்பாசிரியர் வாசலில் நின்றிருந்தார், அவர் முகம் வெளுத்தது. பெரிய மனிதர், அவ்வளவு நல்லவர். முந்தின நாள் என் பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “பயப்படாதீங்கம்மா, நான் இருக்கேன்ல” என்று அவர் சொன்னதன் பொருள் அப்போதுதான் விளங்கியது. நான் தேற வேண்டும் என்று, அதே பாடத்தை அவரே பிள்ளைகளுக்கு நடத்தி, விடைகளையும் பாடமாக்கிக் கொடுத்திருக்கிறார்.

முடிந்தது என்று நினைத்தேன். ஒத்திகை பார்த்த பாடத்துக்கு யார் புள்ளி போடுவார்கள்?

அப்போது ஜன்னலோரச் சிறுமி ஒருத்தி, கையைக்கூட உயர்த்தாமல், “நிறம் போட்டுப் பார்க்கலாம் டீச்சர். கசிஞ்சா நிறமும் வரணும்தானே” என்றாள்.

“நிறத்துக்கு இப்ப எங்கே போறது?”

அவள் திரும்பிப் பின்னுக்குக் கைகாட்டினாள். “அந்தா, அந்த டீச்சர் தேத்தண்ணி குடிக்கவே இல்ல.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நீங்கள் பரீட்சகரைப் பார்த்தீர்கள். அவர் ஆம் என்றும் இல்லை என்றும் காட்டவில்லை. நீங்கள் எழுந்தீர்கள். கோப்பை தட்டில் கிடுகிடுவென்று ஆட, உதட்டை இறுக்கிக்கொண்டு, மேசைகளுக்கு நடுவில் நடந்து வந்தீர்கள். என் முன்னால் வைத்துவிட்டு, ஒரு சொல் பேசாமல் திரும்பிப் போனீர்கள். மறுநாள் அதே பரீட்சகர் முன்னால் நிற்க வேண்டியவர் நீங்கள்.

தேத்தண்ணியை வேறொரு தம்ளரில் ஊற்றி ஐஸ் போட்டேன். வெளிப்பக்கம் காய்ந்தே கிடந்தது. “தேத்தண்ணியில இன்னும் சூடு இருக்கு டீச்சர். இன்னும் போடுங்க” என்றாள் சிறுமி. ஐஸ் கொண்டுவந்திருந்த ஃபிளாஸ்க்கில் மிஞ்சியிருந்ததை எல்லாம் கொட்டினேன். பிள்ளைகள் இடத்தை விட்டு எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டார்கள். உட்காரச் சொல்ல எனக்கு ஓடவில்லை. எவ்வளவு நேரம் நின்றோமோ. முதலில் மெல்லிய மூட்டம், பிறகு ஒரு துளி. சிறுமி தன் வெள்ளைக் கைலேஞ்சியால் அதைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கறை இல்லை.

“கசியல! டீச்சர் சொன்னது பிழை! டீச்சர் பிழை!” என்று கத்தினார்கள். மணி அடித்தது.

பிள்ளைகள் வெளியே போனதும் பரீட்சகர் என்னிடம் வந்தார். “உங்கட பாடத்திட்டத்தில இது இல்லையே?”

“இல்ல சேர்.”

“பிள்ளையளுக்கு முதலே சொல்லிக் குடுத்தனீங்களோ?”

மேசையில் இருந்த தம்ளரை நகர்த்தி வைத்தேன். இல்லை என்று சொன்னால் அந்த நல்ல மனிதர் மாட்டுவார். வகுப்பாசிரியர்தான் உள்ளே வந்தார். “நான்தான் சேர். அவங்களுக்குத் தெரியாது. ரெண்டாவது தடவையும் தோத்துடக் கூடாதேன்னு...”

பரீட்சகர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்கள்தான் இவவை விழுத்தப் பாத்தனீங்கள்” என்றார். பிறகு உங்கள் பக்கம் திரும்பினார். “நீங்கள் எழும்பினது பிழை. தெரியுமோ?”

“தெரியும் சேர்.”

“கதைச்சனீங்களோ?”

“இல்ல சேர்.”

“அப்ப நான் ஒண்டும் கேக்கேல்லை.” குறிப்புப் புத்தகத்தை மூடிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

நான் கதிரையில் விழுந்தேன். நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். “நல்ல வேள, இண்டைக்கி ரமழான்ல விடுபட்ட நோன்பப் பிடிச்சிருந்தன்” என்றீர்கள். “இல்லாட்டி அந்தத் தேத்தண்ணிய வந்த உடனே குடிச்சிருப்பன்.” நோன்பு என்று சொன்னால் தந்தவர்கள் சங்கடப்படுவார்களே என்று கோப்பையை வாங்கி வைத்திருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

இருவரும் தேறினோம். பேராதனையில் பெயர்ப் பட்டியல் முன்னால் நின்று, “இனி முழு டீச்சர்” என்று நீங்கள் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தது இன்றும் வலிக்கிறது. நான் தோட்டத்துக்கு, நீங்கள் உங்கள் ஊருக்கு. எனக்கு அந்த சாதாரண தர வகுப்பு கிடைத்தது. அங்கே பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயர் ‘நம்பாத டீச்சர்’. ஒளி நேர்கோட்டில் போகும் என்பார்கள், நம்பல என்பேன். கம்பி சூட்டில் நீளும் என்பார்கள், நம்பல என்பேன். உடனே ஒருவன் வளைந்த குழாயைத் தேடி ஓடுவான், இன்னொருத்தி மெழுகுதிரி கேட்பாள். சில நாட்களில் யாரும் அசைய மாட்டார்கள். அந்த அமைதி கடைசிப் பாடம் வரை என்னைப் பயமுறுத்திக்கொண்டேதான் இருந்தது. அதை உடைத்து விடையை நானே சொல்லிவிட நாக்குத் துடிக்கும். ஒரு சொல் பேசாமல் நடந்து வந்து, வைத்துவிட்டுத் திரும்பிப் போன உங்களை நினைத்துக்கொள்வேன். பொறுத்துக்கொள்வேன். யாராவது ஒரு பிள்ளை எழுந்துவிடும்.

உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது இவ்வளவுதான் டீச்சர். என் வேலை முழுவதும் இதன்மேல்தான் நடந்தது.

இதை வாசிக்கும் ஆசிரியர் யாராயினும், நாளை உங்கள் வகுப்பில் முதல் சரியான விடை வந்ததும் ‘சரி’ என்று சொல்லாதீர்கள். ‘நான் நம்பவில்லை, காட்டு’ என்று சொல்லிவிட்டு, ஒரு பிள்ளை எழும்வரை பேசாமல் நில்லுங்கள்.