சீட்டை முன்னால் இழுத்தேன்

என் ஊமைக்கோட்டானுக்கு,

லவெர்ன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா என்று எழுதக் கை தானாகப் போகிறது, பிடித்து நிறுத்திக்கொண்டேன். வடக்கு வயலில் சர்க்கரை பீட்ரூட் முளைத்துவிட்டது. நேற்று ஆலங்கட்டி மழை. உன் இடத்தைப் போய்ப் பார்த்தேன். பெயர் வெட்டிய கல் இன்னும் வரவில்லை, வெறும் மண்தான், அதனால் சேதம் ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சுக்குப் போகவில்லை, ஆர்லன். உன் கார் பந்தயக் கிளப்புக்குப் போனேன். அன்றிலிருந்து முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உனக்குத்தான் திட்டத் தெரியாது, அதனால் உனக்கே எழுதுகிறேன்.

போனது வண்டியைக் கொடுக்கத்தான், சத்தியமாக. உன்னைப் புதைத்துவிட்டு வந்து சர்ச் கூடத்தில் எல்லோரும் ஹாம் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தபோது உன் கிளப் கூட்டாளி டெல்மர் கேட்டார், அந்த நீல வண்டியை என்ன பண்ணப்போறே லவெர்ன், எனக்குக் குடுத்துடேன் என்று. எடுத்துக்கோ என்றேன். அன்றைக்கு யார் எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். மே மாசம் முதல் பந்தயத்துக்கு நான் அந்தப் பழைய விமானத் தளத்துக்கு வருவேன், ஓட்டிக்கொண்டு வந்துவிடு, ட்ரெய்லரில் ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

முதுகுக்குப் பின்னால் சோபா மெத்தையை வைத்துக்கொண்டு ஓட்டிப் போனேன். உன் கால் நீளத்துக்குக் கிடந்த சீட்டில் என் கால் எங்கே எட்டும்? நகர்த்த மனசு வரவில்லை. உன் சட்டைகளை எல்லாம் உன் தங்கை ஐலீன் அள்ளிக்கொண்டு போய் தானத்துக்குக் கொடுத்துவிட்டாள். உன் அளவுக்கு மிச்சமிருந்தது அந்த சீட் ஒன்றுதான்.

வாசலில் ஒரு அம்மாள் அட்டையை நீட்டி, இங்கே கையெழுத்துப் போடுங்க என்றாள். உள்ளே விட அதுதான் வழி போலிருக்கிறது என்று போட்டேன். உடனே என் மணிக்கட்டில் ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி ஒட்டிவிட்டு, ஏய், புதுசா ஒரு பொம்பள வந்திருக்காங்கப்பா, கை தட்டுங்க என்று கத்தினாள். அப்புறம்தான் விளங்கியது, நான் ஓட்டுவதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இல்லை, நான் சும்மா வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். பின்னால் வரிசையாக வண்டிகள் நின்றன. போட்டதைப் படிக்கவில்லை என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல நாக்கு எழவில்லை. பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் நின்ற மாதிரி நின்றேன். எட்டாம் வகுப்போடு நான் ஓடி வந்ததே அந்தப் பலகைக்குப் பயந்துதான், உனக்குத் தெரியும். வெட்கத்தினால் பந்தயக்காரியானவள் இந்த நெப்ராஸ்காவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்புறம் தாடிக்காரர் ஒருவர் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார், பிரேக்கை அமுக்கச் சொன்னார். உள்ளே ஒட்டாம கெடக்கிறது எல்லாம் வெளியே வரணும், திரும்பறப்ப பறக்கும், பிரேக்குக்கு அடியில உருண்டுச்சுன்னா வம்பு என்று ஒரு வாளியைக் கொடுத்தார். உன் பெப்பர்மிண்ட் காகிதங்கள், டயர் காற்று பார்க்கும் கருவி, பாதி தீர்ந்த வெள்ளை டேப், இடது கை உறை. வலது கை உறையை எங்கே போட்டாயோ. எல்லாவற்றையும் எடுத்து வாளியில் போட்டேன்.

மேடம், அந்த மெத்தையும் என்றார்.

அது இல்லாமல் கால் எட்டாது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை! அதுக்குத்தானே மேடம் சீட்டுக்குக் கீழே கம்பி வச்சிருக்கான் என்றார். குனிந்து கம்பியைத் தூக்கி இழுத்தேன். கடகடவென்று பல் பல்லாக முன்னால் வந்துவிட்டது. எந்தப் பல்லில் இருந்தது என்று பார்த்து வைத்துக்கொள்ளக்கூட இல்லை. பின்னால் ஒருத்தன் ஹாரன் அடித்தான். அவ்வளவுதான். ஒரு ஹாரனுக்குப் பயந்து அதைச் செய்துவிட்டேன்.

எனக்குப் பக்கத்தில் உட்கார மார்னி என்று ஒரு பெண்ணை விட்டார்கள். வெல்டிங் வேலை செய்கிறவள், முழங்கை வரைக்கும் தீப்பொறித் தழும்பு. ஓட்டுவதற்கு முன்னால் பாதையை நடந்து பார்க்க வேண்டுமாம். எங்கே பார்த்தாலும் ஆரஞ்சு கூம்பு. அது பாதையா, யாரோ கொட்டிவிட்டுப் போனதா என்றே புரியவில்லை. படுத்துக் கெடக்கிற கூம்பு வழி காட்டுது, நிக்கிற கூம்பை ஒட்டிப் போங்க, ஒண்ணைத் தட்டினா ரெண்டு செகண்ட் அபராதம் என்றாள் மார்னி. பக்கத்துல இருக்கிறதைப் பாக்காதீங்க, அடுத்ததைப் பாருங்க, கண்ணு எங்கே போகுதோ வண்டியும் அங்கேதான் போகும் என்றாள். புருஷன் போன பிப்ரவரியிலிருந்து என் கண் ஒரே பக்கம்தான் போகிறது பெண்ணே என்றேன். அப்படின்னா பிரேக்கையாவது சீக்கிரமாப் போட்டுடுங்க என்றாள்.

முதல் சுற்றில் வழி தவறிவிட்டேன். கூம்பெல்லாம் தீர்ந்து, ஓடுபாதையும் தீர்ந்து, புல் வந்த இடத்தில்தான் நின்றேன். சிவப்புக் கொடி காட்டினார்கள். ஒலிபெருக்கிக்காரன், நீல வண்டி டேக் ஆஃப் ஆகப்போகுதுன்னு நெனச்சோம் என்றான். தளம் முழுக்கச் சிரித்தது. இரவல் ஹெல்மெட்டுக்குள் என் காது எரிந்தது.

இரண்டாவது சுற்று அதைவிடக் கேவலம். ஓட்டாத நேரத்தில் எல்லோரும் பாதையோரம் நின்று விழுந்த கூம்பை நிமிர்த்த வேண்டும் இல்லையா, நடுத் திருப்பத்தில் டெல்மர் நின்றுகொண்டிருந்தார். நீ டேப்பால் ஒட்டிய எண் கதவில் அப்படியேதான் இருக்கிறது. வண்டி வருவதைப் பார்த்ததும் மனுஷன் பழக்க தோஷத்தில் கையைத் தூக்கிவிட்டார், உனக்குத் தூக்குகிற மாதிரி. அப்புறம் உள்ளே என்னைப் பார்த்தார். கை பாதியில் நின்றுபோனது. நான் அடுத்த கூம்பைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்தேன். வண்டியும் அவரிடமே போனது. வழியில் நின்ற கூம்பெல்லாம் சாய்ந்தது. டெல்மர் குதித்துத் தப்பித்தார். பிறகு கோழி பிடிக்கிற மாதிரி அங்கும் இங்கும் ஓடிப் பொறுக்கினார்.

மூன்றாவது சுற்றைப் பற்றித்தான் எழுத வந்தேன். இத்தனை நேரம் வேறெதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்ததைப் பார்த்தேன். அதற்கடுத்ததைப் பார்த்தேன். கூம்பெல்லாம் தானாகப் பாதையாகிவிட்டது. கடைசித் திருப்பத்தில் வண்டியின் பின்பக்கம் லேசாக வழுக்கி, திரும்ப வந்து ஒட்டியது. அப்போது ஹெல்மெட்டுக்குள் ஒரே கூச்சல். மார்னி பயந்து அலறுகிறாள் என்று நினைத்தேன். அவள் வாயைத் திறக்கவே இல்லை. நான்தான். சின்ன வயதில் பீட்ரூட் லாரியை மேட்டிலிருந்து இறக்கும்போது கத்துவேனே, அப்படி ஒரு கத்தல். அப்புறம் சிரிப்பு. முடிவுக் கோட்டைத் தாண்டி வண்டி நின்ற பிறகும் நிற்கவில்லை. திரும்பி வந்தால் என் வாளி, மேலே உன் கை உறை. உனக்கு இன்னும் கல்கூட நடவில்லை, ஆர்லன். நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

சாயங்காலம் டெல்மர் ட்ரெய்லர் பலகையை இறக்கிவிட்டு வந்தார். சாவியை நீட்டினேன். கை விரியவில்லை. குடு லவெர்ன் என்றார். கொடுக்கத்தான் பார்க்கிறேன் என்றேன். இரண்டு பேரும் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றோம். காலி ட்ரெய்லரை இழுத்துட்டுப் போறேன், அதுகூடப் பரவாயில்ல, என் திருப்பத்துல ஒரு கூம்பையாவது நிக்க விட்டிருக்கலாம் நீ என்றார். பிறகு, அடுத்த பந்தயத்துக்குள்ள முடிவு சொல்லு என்று சொல்லிவிட்டுப் பலகையைத் தூக்கி மாட்டினார். சொன்ன சொல்லை மீறியவளாகவும் ஆனேன்.

ஐலீனுக்கு அதற்குள் சேதி போய்விட்டது. எங்கண்ணன் குழி மேல புல்லு முளைக்கல, உனக்கு ரேஸ் கேக்குதா, அப்படி என்னடி சிரிப்பு என்று போனில் கேட்டாள். போனை வைத்துவிட்டேன். அவள் கேட்டது நியாயம்தான்.

இன்று காலை கராஜில் உட்கார்ந்து சீட்டைப் பழையபடி பின்னால் தள்ளிப் பார்த்தேன். ஒவ்வொரு பல்லிலும் நிறுத்தினேன். எது உன் இடம் என்று தெரியவில்லை. எல்லாமே நீயாக இருக்கலாம் போலிருந்தது. கடைசியில் என் கால் எட்டுகிற இடத்துக்கே திரும்ப இழுத்தேன். டெல்மருக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

கல் அடுத்த வாரம் வருகிறதாம். குளிரில்லாமல் நிம்மதியாகப் படுத்திரு. என்மேல் வருத்தம் வேண்டாம்.

இப்படிக்கு,
வெட்கங்கெட்ட உன் மனைவி
லவெர்ன்

மடித்து வைத்துவிட்டுத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். இந்த வீட்டில் இத்தனை வருஷம் குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசாத மனுஷன் நீ. ஒரு பந்தயம் தவறாமல் அங்கே போனாயே. அந்தக் கடைசித் திருப்பத்தில், ஹெல்மெட்டுக்குள்ளே, யார் காதிலும் விழாமல், நீயும் கத்தினாயா?