ஏழாவது கைத்தடம்: மருத்துவச்சி இளநாகியின் பொருட்டுக் கடவுத்துறைக்குச் சென்ற ஓலை

வயல் விளைய, வாய்க்கால் நிறைய, மதகூர் ஆளும் மன்னர் தண்மதியாரின் குடை நிழலில் குடியேற்ற அமைச்சனாய் அமர்ந்த வயிரக்கோன், வட எல்லையாம் கடவுத்துறை காக்கும் தண்டநாயகர் நெடுஞ்சாத்தனார் அவர்களுக்கு வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் துறையில் தோணிகள் கவிழாதிருக்க. தங்கள் வீரரின் வேல்களுக்கு வேலை வாராதிருக்க. தங்கள் இல்லத்தார் நோயின்றி வாழ்க.

வாழ்த்தை நீட்ட இன்று நேரமில்லை. மருத்துவச்சி இளநாகி என்பாளை நாளைக் காலைத் தோணியில் ஏற்றி அக்கரையில் விடுமாறு என் முத்திரையோடு தங்களுக்கு ஓர் ஆணை வந்திருக்கும். அந்த ஆணை பிழை. அதைச் செய்தவன் நான்.

தாங்கள் அறிந்த சட்டந்தான். பிற நாட்டிலிருந்து வந்தவர் ஆண்டுதோறும் தங்கல் ஓலையைப் புதுப்பித்து, புதுப்புனல் வரும் நாளில் கீழைவாயிற் சுவரின் ஈரச் சுண்ணத்தில் தம் கையைப் பதிக்க வேண்டும். விடாமல் ஏழு கைத்தடம் பதித்தவருக்கே நிலைக்குடி ஓலை. ஒன்று தவறினும் கணக்கு அழியும்; தங்கும் உரிமையும் போகும். அரசு வேலையாய் ஆறு கடப்போருக்கு மட்டும் விலக்கு உண்டு; புறப்படுமுன் அவர் கையில் அமைச்சன் எழுதிய செல்லோலை இருத்தல் வேண்டும்.

இளநாகி குறும்பொறை மலையிலிருந்து வந்தவள். அங்கே அவளுக்கு வீடும் இல்லை, உறவும் இல்லை. இங்கே ஆறு தடம் பதித்துவிட்டாள். ஏழாம் புதுப்புனலுக்கு மூன்று நாள் முன்பு, அக்கரையில் வாழ்க்கைப்பட்ட என் மகள் நல்லினி பிள்ளை புரண்டு பிறக்க முடியாமல் துடிக்கிறாள் என்று ஆள் வந்தது. அமைச்சன் என்பதை மறந்து இளநாகியின் குடிசைக்கு ஓடினேன். பையை எடுத்துக்கொண்டே அவள் ஒன்று கேட்டாள்: தான் இப்போது ஆறு கடந்தால் தன் கணக்கு அழியாதா என்று. சட்டத்தைக் கையில் வைத்திருப்பவனே சொல்கிறேன், அஞ்சாமல் போ என்றேன்.

செல்லோலை எழுத எனக்கு அரை நாழிகை போதும். எழுதவில்லை. அரச முத்திரையை வீட்டுக் காரியத்துக்குத் தொடாதவன் என்று ஊர் என்னைப் புகழும். அந்தப் புகழில் எனக்கு அத்தனை ஆசை. ஐந்து நாள் கழித்து அவள் திரும்பினாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். சுவரில் சுண்ணம் காய்ந்திருந்தது.

அவளை அவையில் நிறுத்தினார்கள். யார் சொல்லிப் போனாய் என்று கேட்க, அமைச்சர் சொல்லிப் போனேன் என்றாள். ஓலை எங்கே என்றார்கள். அவள் என்னைப் பார்த்தாள்; அவையோரும் என்னைப் பார்த்தார்கள். அப்படி ஒரு செல்லோலை எம் ஏட்டில் இல்லை என்றேன். அது பொய்யன்று, நெடுஞ்சாத்தனாரே. அதனால்தான் சோறு இறங்கவில்லை. நாடு கடத்தத் தீர்ப்பாகி, அவளைத் தங்கள் துறைக் காவலுக்கு அனுப்பினார்கள்.

நேற்று தங்கள் காவலர் ஒருவர் என் வாயிலில் ஒரு முடிச்சைக் கொடுத்துப் போனார். உள்ளே சுட்ட வசம்பு. பேரனுக்குப் பல் முளைக்கும்போது வயிறு போகும், அப்போது உரைத்துத் தரச் சொல்லுங்கள் என்று இளநாகி சொல்லி அனுப்பினாளாம். தனக்கென்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. வெட்கங்கெட்ட நான் அதை வாங்கியும் வைத்துக்கொண்டேன்.

இன்று விடிந்ததும் மன்னர் முன் நின்று யாவும் சொன்னேன். மன்னர், தீர்ப்பை மாற்றினோம், ஆனால் மாற்றோலையை எம் பெயரால் எழுதாதீர், உம் பெயரால் எழுதும், எழுதியபின் முத்திரையை வைத்துவிட்டுப் போம் என்றருளினார். அது தகும்.

ஆகவே ஆணை யாதெனில்: இளநாகி தோணி ஏறலாகாது. ஏறிவிட்டாளாயின் தாங்களே அக்கரை சென்று அழைத்து வருக. அவளைக் குற்றவாளியென்று கூவி அறிவித்த அதே துறையில், அதே கூட்டத்தின் முன், இவ்வோலையை ஓர் எழுத்தும் விடாமல் உரக்கப் படிப்பிக்க. என் பெயர் வருமிடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டா. பின்பு தங்கள் பல்லக்கில் அவளைக் கீழைவாயிலுக்கு அனுப்புக.

அங்கே அவளுடைய ஆறு கைகளுக்குப் பக்கத்தில் புதுச் சுண்ணம் பூசியிருக்கிறேன். இனி எனக்கு வேறு அலுவல் இல்லை. அவள் வரும்வரை அது காயாதபடி நீர் தெளித்துக்கொண்டு நிற்பேன்.

இது வயிரக்கோன் எழுத்து. இம்முத்திரை என் கையால் இடும் கடைசி முத்திரை.